தாய்வீடு போகும் கர்ப்பிணி சீட்டை மறக்கலாமா?

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1-ந் தேதி மாநில எல்லை திருத்தப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் கொண்டு கொடுத்த உறவு அறுந்துவிடவில்லை. பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு மார்த்தாண்டத்தில் தாய்வீடு. குழித்துறையில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தனுவச்சபுரத்தில் தாய்வீடு.

தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். பெட்டியில் புடவை இருக்கும், பலகாரம் இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் கணவன் வீட்டு அலமாரியில் தங்கிவிடும். "இதுவரை பிரஷர் எவ்வளவு இருந்தது?" என்று புது டாக்டர் கேட்டால், "எல்லாம் சரி என்றுதான் சொன்னார்கள்" என்பதே பதில். ஆபத்து நுழையும் வாசல் இதுதான்.

எண்ணுக்கு மொழி இல்லை

கேரளச் சீட்டு மலையாளத்தில் இருக்கும், தமிழ்நாட்டுச் சீட்டு தமிழில் இருக்கும். அதனால் என்ன? சீட்டில் முக்கியமானவை எண்கள். அவற்றை எந்த நர்சும் படித்துவிடுவார்.

ரத்த அழுத்தம் 140/90 தொட்டால் எச்சரிக்கை. சிறுநீரில் புரதமும் சேர்ந்து வந்தால் வலிப்பு வரை போகக்கூடும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் சோகை. சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். 140-க்கு எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. வயிற்றின் உயரத்தை டேப்பால் அளப்பதும் வீண் வேலையல்ல. ஆறாம் மாதத்துக்குப் பின் எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். போன மாத அளவு தெரிந்தால்தானே, பிள்ளை வளர்ந்ததா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியும்?

பிரான்ஸ் நாட்டு டாக்டர் பினார்ட் 1895-ல் செய்த குழலை வயிற்றில் வைத்துக் காதால் கேட்டே பிள்ளையின் இதயத் துடிப்பை எண்ணினார்கள். இன்று டாப்ளர் கருவி உண்டு, ஸ்கேன் உண்டு. நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் நல்லது. ஐந்தாம் மாதத்தை ஒட்டி எடுக்கும் ஸ்கேனில் பிள்ளையின் உறுப்புக் குறைகள் பலவும் தெரியவரும். ஆணா, பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தாயே முதல் டாக்டர்

செலவில்லாத சோதனை ஒன்று தாயின் கையிலேயே இருக்கிறது. ஏழு மாதம் ஆனபின், சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுத்துப் பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவாவது வர வேண்டும். குறைந்தால், அல்லது வழக்கத்தைவிட மந்தமாகத் தெரிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "மாசம் நெருங்கினால் பிள்ளை அசையாது" என்று பாட்டிமார் சொல்வது தவறு.

முகமும் கையும் திடீரென வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. வலி வரட்டும் என்றும் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்தால் இரு மாநிலத்திலும் ஆம்புலன்ஸ் வரும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு. சிக்கல் பெரிதானால் வடக்கே திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி, தெற்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

19-ம் 54-ம்

2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் பிள்ளைகள் உயிருடன் பிறந்தால் இறக்கும் தாய்மார் கேரளத்தில் 19 பேர், தமிழ்நாட்டில் 54 பேர், இந்தியா முழுவதற்கும் 97 பேர். கேரள மகப்பேறு டாக்டர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மார் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறது. யாரையும் தண்டிக்க அல்ல. எங்கே தவறியது என்று கற்றுக்கொள்ளத்தான். ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமுமே அதில் முன்னால் நின்ற காரணங்கள். அழுத்தத்தை மாதா மாதம் அளந்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

காலை ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகும் கணவன்மாருக்கும் இதில் பங்குண்டு. மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் நாளில் பெட்டியைத் திறந்து, சீட்டும் ஸ்கேன் தாளும் ரத்த வகை எழுதிய காகிதமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பலகாரம் மறந்தால் மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சீட்டை மறந்தால், வேண்டிய நேரத்தில் அது கைக்கு வராது.