இரவில் சம்பளம், ஏட்டில் அமெச்சூர்

டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடும் நாள் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். இம்முறை மூன்று கடிதங்கள் ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன. பாலக்காட்டு நூரணியிலிருந்து ஓர் அப்பா: "பையன் நாலு வருஷமா செவன்ஸ் ஆடறான், ஆட்டத்துக்கு இத்தனைன்னு காசு வாங்கறான். இப்போ ஒரு கிளப் கூப்பிடறது. ஃபாரத்தில 'அமெச்சூர்'னு போடச் சொல்றா. காசு வாங்கினவன் எப்படி அமெச்சூர்?" பழைய கல்பாத்தியிலிருந்து ஒரு மாமி: மெல்பர்னில் இருக்கும் பேரன் அந்த ஊர்க் கால்பந்தான 'ஃபூட்டி' ஆடுகிறானாம். டிராஃப்டில் எடுத்துவிட்டால் அது வேலையா, விளையாட்டா? மூன்றாவது ஒரு தபால் அட்டை. "தனராஜன் புரொஃபஷனலா, இல்லையா?" என்ற ஒரு வரி மட்டும்.

செவன்ஸ் என்றால் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து; அதற்கு மேல் இங்கே விளக்கப்போவதில்லை. கல்பாத்தித் தேர் நிலைக்கு வந்த கையோடு அறுவடை வயல்களில் கேலரி கட்டும் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தேவையில்லை. மற்றவர்கள் 2018-இல் வந்த 'சூடானி ஃப்ரம் நைஜீரியா' படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. ஃபிஃபாவின் விதிப்படி புரொஃபஷனல் என்றால் இரண்டு நிபந்தனைகள்: கிளப்புடன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், ஆடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாகப் பணம் வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் புரொஃபஷனல். மீதிப் பேர் எல்லோரும், எவ்வளவு வாங்கினாலும், அமெச்சூர்.

இதை இன்னொரு முறை படியுங்கள். நவம்பரிலிருந்து மே வரை இன்றைக்குப் பெரிந்தல்மண்ணை, நாளைக்கு வேறொரு வயல் என்று ஆடி, அந்தக் காசில் வீடு நடத்துகிறவர் ஏட்டில் பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர். பெஞ்சிலேயே சீசனைக் கழித்தாலும் கையெழுத்துப் போட்ட காகிதம் உள்ள பத்தொன்பது வயதுப் பையன் தொழில்முறை வீரர். உழைப்பை அளக்காமல் காகிதத்தை அளக்கும் இந்த விதியின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். காகிதம் எழுதாமல் இருந்தால் யாருக்கு லாபம்? எழுதாதவருக்குத்தான். சம்பள பாக்கி, காயத்துக்கு வைத்தியம், பாதி சீசனில் கழற்றிவிட்டால் நஷ்ட ஈடு எல்லாம் புரொஃபஷனலுக்கு உரிய பேச்சு. எழுதவே இல்லையென்றால் அந்தப் பேச்சே எழாது.

நம் நாட்டுச் சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்பது வேடிக்கை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வாய்வார்த்தையும் ஒப்பந்தம்தான். "இன்று நீ ஆடு, இத்தனை தருகிறேன்" என்று டீம் மேனேஜர் போனில் சொன்னால் கோர்ட்டுக் கண்ணில் அது செல்லும். நிரூபிக்கத்தான் முடியாது. கால்பந்தின் ஏட்டிலோ அது நடக்கவே இல்லை.

இனி அந்தத் தபால் அட்டை. பாலக்காட்டுக்காரரான ஆர். தனராஜன் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகம்மதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய சட்டைகளையும் போட்டவர்; விவா கேரளாவுக்கும் ஆடியவர். அந்த வருடங்களில் அவர் புரொஃபஷனல் என்பதில் அகில இந்தியக் கால்பந்து ஃபெடரேஷனுக்கும் சந்தேகம் இருந்திருக்காது. 2019 டிசம்பர் 29 இரவு பெரிந்தல்மண்ணையில் காதரலி செவன்ஸ் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலித்துச் சரிந்தார், இறந்தார். செவன்ஸ் போட்டிகளை நடத்துவது தேசிய ஃபெடரேஷனின் குடைக்கு வெளியே உள்ள சங்கம். எனவே பதிவேட்டுக்கு அந்த ஆட்டம் இல்லாத ஆட்டம். அதே கால்கள், அதே பந்து. காகிதம் மட்டும் வேறு. புரொஃபஷனலா என்றால், தொழிலால் ஆம், விதியால் அன்றிரவு இல்லை.

அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட அடுத்த மாதமே, 2020 ஜனவரி 19 அன்று, நூரணி மைதானத்தில் காட்சி ஆட்டம் ஏற்பாடானது. முன்னாள் இந்திய வீரர்கள் பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் தற்காலிக கேலரி சரிந்து பலர் காயமடைந்தார்கள். ஓர் ஆட்டக்காரரின் குடும்பத்துக்குப் போக வேண்டியதை ஊரே டிக்கெட் வாங்கித் தர வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் இங்கே கவனிக்கச் சொல்கிறேன். கேலரி வேறு கதை.

"அதனால்தான் பையன்கள் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பக்கம் வர வேண்டும், அங்கே எல்லாம் முறைப்படி" என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். முறைப்படி என்றால்? 2010 டிசம்பரில் ஃபெடரேஷன் தன் வணிக உரிமையை 15 வருடத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-உடன் காலாவதியாகும் என்பது கையெழுத்திட்ட அன்றே தெரியும். ஆனாலும் புதுப்பிக்காமல் இழுத்தார்கள். 2025 ஜூலையில் லீகையே நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது; அடுத்த மாதம் பெங்களூரு எஃப்.சி. உள்ளிட்ட கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. எழுத்தில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்களின் சம்பளம்தான் நின்றது. ஆக எழுத்து அவசியம், போதுமானதல்ல. அதற்கு மேலே இருக்கும் காகிதத்தையும் யாராவது புதுப்பிக்க வேண்டும்.

கல்பாத்தி மாமிக்கு இங்கே ஓர் ஒப்பீடு. ஆஸ்திரேலிய ஃபூட்டியில் ஒப்பந்தம் கிளப்புக்கும் வீரருக்கும் மட்டும் அல்ல. லீகும் மூன்றாவது ஆளாகக் கையெழுத்திடுகிறது. வீரர்களின் சங்கம் 1973-லிருந்து இருக்கிறது. சம்பளம், காப்பீடு, ஓய்வுக்குப் பிறகான உதவி எல்லாவற்றையும் அந்தச் சங்கம் லீகுடன் மொத்தமாகப் பேசி முடிக்கிறது. 2023-இல் பேசிய ஐந்து வருட உடன்பாடு 220 கோடி ஆஸ்திரேலிய டாலர். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த டேனியல் கெர் வெஸ்ட் கோஸ்ட் அணிக்காக 220 ஆட்டம் ஆடியதும் இப்படிப்பட்ட கூரைக்குக் கீழேதான். நம்மிடமும் 2006-லிருந்து வீரர்கள் சங்கம் உண்டு. பூட்டியாதான் முதல் தலைவர். ஆனால் மேசைக்கு எதிரே உட்காருபவர் யார் என்பதே இங்கே அடிக்கடி மாறுகிறது.

கேரளத்தில் அந்தக் கூரையின் வேலையைப் பார்த்தது அரசு உத்தியோகம். கிளப்புகளை வென்று 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை எடுத்த கேரள போலீஸ் அணியில் இருந்தவர்கள் சம்பளப் பட்டியலில் போலீஸ்காரர்கள். விஜயன் 2025-இல் ஓய்வு பெற்றதும் போலீஸிலிருந்துதான்.

மீதிக் கேள்விகள்.

அமெச்சூர் என்று ஃபாரத்தில் போட்டால் நஷ்டமா? கிளப் மாதப் பணம் தருவதாகச் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்; தர மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

விண்டோ மூடினால் அவ்வளவுதானா? விண்டோ முடியும் முன்பே ஒப்பந்தம் காலாவதியானவர் பிறகும் பதிவு செய்யலாம்.

ஒரே சீசனில் எத்தனை கிளப்? மூன்றில் பதிவு செய்யலாம், இரண்டுக்குத்தான் ஆடலாம்.

எத்தனை வருட ஒப்பந்தம்? அதிகபட்சம் ஐந்து; 18 வயதாகாதவருக்கு மூன்று.

சம்பளம் வரவில்லையென்றால்? இரண்டு மாத பாக்கி சேர்ந்ததும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 15 நாள் பொறுத்து, விலகலாம்.

சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த கிளப்புக்குப் பங்கு உண்டா? வெளிநாட்டு மாற்றத் தொகையில் 5 சதவீதத்தை, 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்தவர்களுக்குப் பிரிக்கிறார்கள். பதிவு பெற்ற கிளப்புகளுக்கு மட்டும், வயலில் விசில் ஊதியவருக்கு அல்ல.

டிராஃப்ட் என்பது வேலையா, விளையாட்டா? வேலைதான், மாமி. ஆனால் கிளப்பைப் பையன் தேர்ந்தெடுப்பதில்லை, கிளப்தான் அவனைத் தேர்ந்தெடுக்கும். பெர்த் எடுத்தால் பெர்த்துக்குப் பெட்டி கட்ட வேண்டும்.