புதுக் கண்ணாடி சரியில்லையா? மறுபடி பணம் போடுமுன்...

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு என் மனைவி எங்கள் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது, கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்து விழுந்து விட்டாள். நல்ல வேளை, மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. தூக்கி உட்கார வைத்த பிறகுதான் கவனித்தேன், அவள் போட்டிருந்தது பவர் குறைந்து போன பழைய மூக்குக் கண்ணாடி. இரண்டு மாதம் முன்பு வாங்கிய புதுக் கண்ணாடி எங்கே என்றால் பதில் இல்லை. பீரோவில் புடவைகளுக்கு அடியில், கூடு கலையாமல் இருந்தது.

"ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய்ங்க. பையன் ஆசையா வாங்கிக் கொடுத்தது. போட்டா தலை சுத்துதுன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

கடையில் ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்த பையனுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். இவளுக்குத் தமிழும் காய்கறிக் கடைக் கன்னடமும். "பதினைந்து நாளில் பழகி விடும்" என்று அவன் சொன்னதைப் புரிந்துகொண்டு திரும்பி விட்டாள். பழகும் என்பது பொய்யில்லை. பவர் மாறினாலோ, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸான 'புரோகிரெசிவ்' முதல் முறை போட்டாலோ, ஒன்றிரண்டு வாரம் தரை மிதப்பது போல இருப்பது சகஜம். ஆனால் நாளுக்கு நாள் அது குறைய வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் முதல் நாள் போலவே இருந்தால், குற்றம் கண்ணாடியில்தான் என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம்.

ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான். வண்டி ஆடுகிறது என்று டிரைவர் புகார் எழுதினால் உடனே தண்டவாளத்தை மாற்ற மாட்டோம். முதலில் அளந்து பார்ப்போம். கண்ணாடிக்கும் அதையே செய்தேன்.

குற்றம் மூன்று இடங்களில் இருக்கலாம். கண் பரிசோதனைச் சீட்டு தவறாக இருக்கலாம். சீட்டு சரியாக இருந்து லென்ஸ் தவறாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து பிரேம் முகத்தில் உட்கார்ந்த விதம் தவறாக இருக்கலாம். கடைசியானதுதான் மிக எளிது. கண்ணாடியை விரலால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்கள், இறக்கிப் பாருங்கள், முகத்தோடு நெருக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் பளிச்சென்று தெரிந்தால், மூக்குப் பட்டையையோ காதுக் கம்பியையோ வளைத்தால் போதும். பெரும்பாலான கடைகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

அது உதவவில்லையென்றால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் மங்கல் என்றால் அந்தக் கண்ணின் பவரிலோ, சிலிண்டர் பவரின் கோணத்திலோ தவறு இருக்கலாம். இந்தக் கோணத்தை அலட்சியம் செய்யக் கூடாது. லென்ஸை 30 டிகிரி திருப்பிப் பொருத்தி விட்டால், சிலிண்டர் போடாமலே இருந்தால் எவ்வளவு குறை இருக்குமோ, அவ்வளவும் அப்படியே இருக்கும். 10 டிகிரி தவறினாலே மூன்றில் ஒரு பங்கு குறை மிஞ்சும். மாறாக, தனித்தனியே இரு கண்ணும் நன்றாகத் தெரிந்து, இரண்டையும் திறந்தால் மட்டும் தலை சுற்றினால், இரு லென்ஸ்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. என் மனைவியின் கதை இதுதான்.

கடைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'பி.டி.' என்ற கட்டத்தில் 64 என்று இருந்தது. இரண்டு கண்பாவைகளின் நடுப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம்தான் பி.டி. கண்களுக்கு அதுதான் கேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அளந்தார்களா?" என்று கேட்டேன். "யாரும் அளக்கலையே" என்றாள். அதே கடையில் நான் வாங்கிய கண்ணாடியின் சீட்டைத் தேடி எடுத்தேன். அதிலும் 64! தண்டவாளத்தில் கூட பிராட் கேஜ் 1676, மீட்டர் கேஜ் 1000 என்று இரண்டு உண்டு. இவர்களுக்கு ஊருக்கெல்லாம் ஒரே கேஜ்.

வீட்டிலேயே அளக்கலாம். எதிரெதிரே கை நீளத் தூரத்தில் உட்கார்ந்து, மில்லிமீட்டர் ஸ்கேலை அவர் புருவத்துக்குக் கீழே மூக்கின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலக் கண்ணை மூடி, திறந்திருக்கும் உங்கள் இடக் கண்ணை அவர் பார்க்கட்டும். அவருடைய வலக் கண்பாவையின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். பிறகு ஸ்கேலை அசைக்காமல் இடக் கண்ணை மூடி வலக் கண்ணைத் திறந்து, அதை அவர் பார்க்கும்போது அவருடைய இடக் கண்பாவையில் வரும் எண்ணைப் படியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். 58.

லென்ஸ் உண்மையாகவே 64-க்குத்தான் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வழி உண்டு. புரோகிரெசிவ் லென்ஸில் வாயால் ஊதி, டியூப் லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், ஒவ்வொரு லென்ஸிலும் நீர்க்கோடு போல இரண்டு நுண்ணிய குறிகள் தெரியும். இரண்டுக்கும் இடையே பொதுவாக 34 மில்லிமீட்டர். காதுப் பக்கத்துக் குறிக்குக் கீழே கிட்டப் பார்வைக்கான கூடுதல் பவர் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டுக் கணக்கில் இரு குறிகளின் மத்தியப் புள்ளிதான் கண்பாவைக்கு நேராக வர வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் குறித்து, இரண்டு லென்ஸ்களின் மத்தியப் புள்ளிகளுக்கு இடையே அளந்தேன். அசல் 64.

ஆறு மில்லிமீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். மையம் விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால், லென்ஸ் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்பது 'பிரிசம்' கணக்கில் கிடைக்கும். என் மனைவியின் பவர் இரு கண்ணிலும் மைனஸ் 4.50. ஒரு கண்ணுக்கு 0.3 பெருக்கல் 4.5, அதாவது 1.35, இரு கண்ணுக்கும் சேர்த்து 2.7. ஒரு மீட்டர் தூரத்தில் 2.7 சென்டிமீட்டர் விலகல். அமெரிக்கத் தர விதி கிடைமட்டத்தில் தரும் சலுகையை இது தாண்டுகிறது. இந்த விலகலைச் சரிக்கட்ட இரு கண்களும் சதா வெளிப்பக்கம் இழுபட வேண்டும். கண்ணுக்கு அந்தத் திசையில் சக்தி குறைவு. தலை சுற்றாமல் என்ன செய்யும்? பவர் ஒன்று அல்லது அதற்கும் குறைவாக இருப்பவர்களுக்கு இதே தவறு தெரியாமலே போய்விடும். பெரிய பவர்காரர்கள்தான் பி.டி.யை எழுதி வாங்க வேண்டும்.

கடைக்கு நானும் போனேன். சண்டை போடவில்லை. சீட்டு, பில், பேனாக் குறியோடு கண்ணாடி மூன்றையும் மேஜை மேல் வைத்து, உரிமையாளரிடம் "லென்சோமீட்டரில் வைத்து மையத்தைக் குறித்துக் காட்டுங்கள், அம்மாவின் பி.டி.யையும் உங்கள் கருவியில் அளந்து சொல்லுங்கள்" என்றேன். அவர் அளந்தபோது 58.5 வந்தது. அதற்குமேல் பேச்சில்லை. லென்ஸை இலவசமாக மாற்றித் தந்தார்.

மொழி தெரியாமல் தயங்கும் நம் வீட்டுப் பெண்களுக்காக மூன்று கன்னட வாக்கியங்கள்: மங்கலாகத் தெரிந்தால் "மஞ்சாகி காணிசுத்தெ", இரண்டிரண்டாகத் தெரிந்தால் "எரடெரடாகி காணிசுத்தெ", தலை சுற்றினால் "தலெ சுத்துத்தெ". மஞ்சு என்பது மஞ்சள் அல்ல, பனி. இந்தக் குழப்பத்தில் என் மைத்துனிக்கு ஒரு முறை காமாலை ரத்தப் பரிசோதனை வரை போயிற்று!

கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீல் அவசியமில்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். பில் இல்லாமல் இதெல்லாம் கஷ்டம். பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனைச் சீட்டின் மீதே சந்தேகம் என்றால், லென்ஸ் விற்காத இடத்தில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. 1896-இல் தொடங்கிய மிண்டோ அரசுக் கண் மருத்துவமனை நம் ஊரில் சாமராஜப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை ஏறியிருக்கும்போது கண்ணின் பவர் மாறி, மருந்தால் இறங்கும்போது மறுபடி மாறும். நான் சர்க்கரை கண்டுபிடித்த வாரமே கண்ணாடி செய்து, இரண்டே மாதத்தில் தூக்கி எறிந்தவன். சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்த பிறகு பரிசோதியுங்கள். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, திடீரென்று மின்னல், திரை போல மறைப்பு வந்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

மாடிப்படி விஷயம் பாக்கி இருக்கிறது. புரோகிரெசிவ், பைஃபோகல் எதுவானாலும் கீழ்ப் பாதி படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் படி மங்கும். எவ்வளவு சரியாகச் செய்தாலும் இது உண்டு. 2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இத்தகைய கண்ணாடி போடும் 606 முதியவர்களில் பாதிப் பேருக்கு வெளியே போகத் தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அடிக்கடி வெளியே நடமாடுபவர்கள் விழுவது குறைந்தது. வீட்டோடு இருப்பவர்களுக்குப் பலன் இல்லை, வெளியே விழுவது கூடவும் செய்தது. என் மனைவி தினம் காய்கறிக்கும் கோயிலுக்கும் நடப்பவள். அதனால் அவளுடைய பழைய பிரேமிலேயே தூரத்துக்கு மட்டும் சாதாரண லென்ஸ் போட்டோம். 700 ரூபாய். பழைய பிரேம் முறியாமல் இருந்தால் இதுதான் சிக்கனம். பழைய பிளாஸ்டிக் பிரேமைச் சூடு காட்டும்போது உடையலாம் என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லி விடுவார்.

இருவர் பி.டி.யையும் ஒரு சீட்டில் எழுதிப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அவளுக்கு 58, எனக்கு 66. என் 64 கண்ணாடியை இன்னும் மாற்றவில்லை. என் பவர் முக்கால்தான், ஒன்றும் தெரியவில்லை.