சதுப்புநில ஆற்றில் முதல் துடுப்பு: கைவலிமையைவிட நீரின் போக்கை அறிவதே முக்கியம்

வெளிநாட்டுச் சுற்றுலாவின்போது சதுப்புநில ஆறுகளில் சிறுபடகில் செல்ல விரும்புவோர் பலருக்கு அதுவே வாழ்வில் முதல் துடுப்பாக அமைகிறது. அலையற்ற நீரைக் கண்டு எளிது என்று எண்ணி ஏறுவோர், சில நிமிடங்களிலேயே படகு தட்டாமாலை சுற்றுவதைக் காண்கின்றனர்.

காரணம் படகின் அமைப்பில் உள்ளது. கயாக் படகின் துடுப்புக்கு இரு முனைகளிலும் அலகு உண்டு. கனூ படகின் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டுமே. வலப்புறம் துழாவினால் கனூவின் முகப்பு இடப்புறம் திரும்பும். எனவே இருவர் செல்லும்போது எதிரெதிர்ப் பக்கங்களில் துழாவ வேண்டும். திசை காப்பது பின்னால் அமர்ந்திருப்பவரின் பொறுப்பு. தனியாகச் செல்பவர் ஒவ்வொரு துழாவலின் முடிவிலும் அலகைச் சற்று வெளிப்புறமாகத் தள்ளி முகப்பை நேராக்க வேண்டும். தள்ளாட்டம் மிகுந்தால் எழுந்து நிற்காமல், படகின் தரையில் மண்டியிடுவது நல்லது. எடை தாழ்ந்தால் படகு நிலைபெறும்.

இவை அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். நீரைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

கோலார் தங்கவயலுக்கு நீர் தந்த பேத்தமங்கலா ஏரி போன்ற நீர்நிலைகளை மட்டுமே கண்டவர்களுக்கு, கடலோடு சேர்ந்து மூச்சுவிடும் ஆறு முற்றிலும் புதிது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சிதம்பரம் அருகே உள்ள பிச்சாவரம் அத்தகையது. 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்தச் சுரபுன்னைக் காட்டில், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் ஏற்றமும் வற்றமும் மாறி மாறி வருகின்றன. ஏற்றத்தின்போது தாராளமாக நுழைந்த ஒடுங்கிய கால்வாயில், வற்றத்தின்போது படகு சேற்றில் தட்டக்கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த ஏற்றத்தாழ்வு கூடுதல். ஆகவே புறப்படும் முன் படகோட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதே.

சுரபுன்னை வேர்களைக் கையால் பற்றுவது புதியவர்கள் செய்யும் மிக ஆபத்தான செயல். கை வேரில் இருக்க, படகு நகர்ந்துவிடும், கவிழ்வது அப்போதுதான். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் தோலைக் கிழிக்கும். கவிழ்ந்தால் சேற்றில் கால் ஊன்ற முயலாமல், படகைப் பிடித்தபடி மிதந்திருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கியைப் புழுக்கம் என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்வோரை அடிக்கடி காண முடிகிறது. மடியில் இருக்கும் அங்கி யாரையும் மிதக்க வைப்பதில்லை.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகம் இதற்கு மாறானது. 2014-இல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது உலகப் பாரம்பரியத் தலமாகச் சேர்க்கப்பட்ட அந்த ஈரநிலத்தின் ஆறு கடலைச் சேர்வதேயில்லை. எனவே அங்கு கடல் ஏற்றமும் இல்லை. அங்கோலா மேட்டுநிலங்களில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து வந்து, உள்ளூரில் வறட்சி நிலவும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் வெள்ளமாகப் பெருகுகிறது. மொகோரோ என்னும் ஒடுங்கிய படகைப் பின்புறம் நின்றபடி உள்ளூர்ப் படகோட்டி கோல் ஊன்றிச் செலுத்துவார். பயணி அசையாமல் அமர்ந்திருந்தால் போதும். நீர்யானைகள் பகலில் ஆழமான நீரில் தங்குவதால், படகோட்டிகள் இயன்றவரை ஆழமற்ற புல்வழிகளையே நாடுகின்றனர். குறுக்குவழியில் போகுமாறு அவர்களை வற்புறுத்துவது பயணிக்கு அழகல்ல, பாதுகாப்பும் அல்ல.

வெளிநாடு செல்லும் முன் பழக விரும்புவோருக்குப் பிச்சாவரம் ஏற்ற இடம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் படகோட்டியுடன் துடுப்புப் படகுகள் கிடைக்கின்றன. வெயில் ஏறுமுன் காலையில் புறப்படுவது நல்லது.