இறவை நிலக்கடலைக்குத் தெளிப்புப் பாசன முறை வகுத்தல்

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் செம்மண் பூமிகளில், மார்கழி, மாசிப் பட்டங்களில் விதைக்கப்படும் இறவை நிலக்கடலை பெரும்பாலும் கிணற்று நீரையே நம்பியுள்ளது. பாத்தி கட்டிப் பாய்ச்சுவதினும் தெளிப்பான்களால் நீர் விடுவது சிக்கனமானதென்பதைக் குடியானவர் பலர் அறிவர். ஆயினும், கருவியைப் பொருத்திய மாத்திரத்தில் சிக்கனம் கிட்டிவிடாது. எத்தனை நாட்களுக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம் என்னும் இரண்டையும் கணக்கிட்டு வகுத்துக் கொள்ளுதல் அவசியம்.

மண்ணின் கொள்ளளவு.— மணல் கலந்த செம்மண், 10 செ.மீ. ஆழத்திற்குச் சுமார் 10 மி.மீ. நீரைப் பயிருக்கு உதவும் வகையில் தாங்கும். கடலையின் வேர் பெரும்பாலும் பரவியுள்ள 50 செ.மீ. ஆழத்தில் 50 மி.மீ. நீர் தங்கும். இதில் பாதி, அதாவது 25 மி.மீ., குறைந்தவுடன் மறுபடியும் நீர் விடுதல் வேண்டும். அதற்கு மேல் விட்டால் மிகுதி வேருக்குக் கீழே வடிந்து வீணாகும்.

இடைவெளி நாட்கள்.— வளர்ந்த பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. நீரைச் செலவிடுவதாகக் கொண்டால், 5 நாட்களுக்கு ஒரு முறை நீர் தேவை. வெயில் கடுமையாகிச் செலவு 6 மி.மீ.க்கு மேற்படின் 4 நாட்களுக்கு ஒரு முறை விடலாம். இளம் பயிருக்கு இவ்வளவு தேவையில்லை.

ஓட்டும் நேரம்.— மணிக்கு 1,800 லிட்டர் விடும் தெளிப்பான்களை 12 மீட்டருக்கு 12 மீட்டர் இடைவெளியில் வைத்தால், கணக்குப்படி மணிக்கு 12.5 மி.மீ. நீர் விழவேண்டும். காற்றாலும் வெயிலாலும் சேதம் ஏற்படுவதால் நிலத்தைச் சேர்வது குறைவே. ஆகவே, பக்கங்கள் நேரான ஒரே அளவுள்ள தகர டப்பாக்கள் பன்னிரண்டைத் தெளிப்பான்களுக்கிடையே பரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டி, நீரின் உயரத்தை அளந்து சராசரி காண்க. சராசரி 10 மி.மீ. எனில், 25 மி.மீ.க்கு இரண்டரை மணி நேரம் ஓட்டுதல் போதுமானது. டப்பாக்களில் நீர் மிகவும் ஏறத்தாழ இருப்பின், அழுத்தத்தையும் அடைபட்ட மூக்குகளையும் சோதித்தறிய வேண்டும்.

கிணற்றுக்கேற்ற பரப்பு.— மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கும் பம்பு, மேற்கூறிய தெளிப்பான்கள் பத்தை ஓட்டும். அவை ஒரே சமயத்தில் நனைக்கும் பரப்பு 1,440 சதுர மீட்டர், அதாவது சுமார் 36 சென்ட் ஆகும். இதனை ஓர் ஈடு எனலாம். நாளொன்றுக்கு இரண்டு ஈடுகள் ஓட்டினால், 5 நாட்களில் பத்து ஈடுகளுக்குச் சுமார் மூன்றரை ஏக்கரே பாயும். அதே கிணற்றை நம்பி 5 ஏக்கர் விதைத்தவருக்கு முறை திரும்பி வர 7 நாட்களாகும். பூக்கும் பருவத்திலும், விழுது இறங்கும் பருவத்திலும், காய் பிடிக்கும் பருவத்திலும் இத்தாமதம் பெருநஷ்டம் விளைவிக்கும். காய்ந்து இறுகிய மண்ணில் விழுது இறங்காது. ஆகையால், பரப்பைக் கிணற்றுக்குத் தக்கவாறு விதைப்புக்கு முன்னரே தீர்மானித்தல் நன்று.

கவனிக்கத்தக்கவை.— காற்றடங்கிய விடியற்காலையில் ஓட்டுதல் உத்தமம். மாலையில் நனைந்த இலை இரவு முழுதும் ஈரமாயிருப்பின் இலைப்புள்ளி, துரு நோய்கள் பெருக ஏதுவாகும். விழுது இறங்கிய பின் குழாய்களைச் செடிகளின்மீது இழுத்துச் செல்லாது, விட்டிருக்கும் நடைபாதை வழியே எடுத்துச் செல்ல வேண்டும். களிமண் பூமி நீரை மெதுவாக உறிஞ்சுமாதலால், அங்கு நீர் தேங்கி ஓடத் தொடங்குமுன் நிறுத்தி, இடைவெளி விட்டு மறுபடி ஓட்டுக.

மழை பெய்யின் முறையை மாற்றிக்கொள்க. 10 மி.மீ. மழைக்கு இரண்டு நாட்களும், 25 மி.மீ. மழைக்கு ஐந்து நாட்களும் தள்ளிப் போடலாம். இரண்டொரு மி.மீ. தூறலைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. கிராம அலுவலர்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு மழைமானியை வைத்து, பெய்த அளவைப் பலகையில் அன்றாடம் எழுதச் செய்வார்களாயின், குடியானவர் அனைவருக்கும் பேருபகாரமாகும்.

ஈடுகளின் வரிசையையும், நீர் விட்ட தேதியையும், மழையின் அளவையும் ஒரு தாளில் குறித்து பம்பு அறையில் தொங்கவிடுக. நீர் விடுமுன் ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்து, உருண்டையாகத் திரண்டு உடையாதிருப்பின் ஒரு நாள் பொறுத்தல் தகும்.