புதுமைப் பெண்ணும் சைவப் பெண்கள் கல்லூரியும்: புளோறன்ஸ் ஃபாரின் கருத்து மாற்றங்கள்

திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் வெளிவந்தமை ஈழத்து நாவல் வரலாறு அறிந்தோர்க்குப் புதிய செய்தியன்று. நாயக்கர் கால அரண்மனைக் காதலைப் பொருளாகக் கொண்டது அந்நாவல். அதற்கு ஓராண்டின் முன்னர், 1894இல், இலண்டனில் ‘த டான்சிங் ஃபோன்’ என்னும் சிறு நாவல் வெளிவந்தது. அதனை எழுதிய புளோறன்ஸ் ஃபார் பின்னாளில் யாழ்ப்பாணத்திலே தமிழ்ப் பெண்களுக்குக் கல்விபுகட்டி, இந்நாட்டிலேயே மறைந்தவர் என்பது நம்மிற் பலர் கருத்திற்கொள்ளாத செய்தியாகும்.

1860இற் பிறந்த இவர், பிரித்தானியாவின் மரணக் காரணப் புள்ளிவிபரங்களை முறைப்படுத்திய வில்லியம் ஃபாரின் மகள். 1884இல் நடிகர் ஒருவரை மணந்து 1895இல் மணவிலக்குப் பெற்றார். இப்சனின் ‘ரொஸ்மர்ஸ்ஹோம்’ நாடகத்தில் 1891இலும், பேர்ணாட் ஷாவின் முதல் நாடகத்தில் 1892இலும் நடித்தார். ஷாவுக்கும் கவிஞர் யேற்சுக்கும் தோழியாயிருந்தவர் என்ற அளவிலேயே ஆங்கில இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் இவரை நோக்குவர். ஆண் எழுத்தாளரின் வாழ்க்கைக்குப் பெண்ணை அடிக்குறிப்பாக்கும் பழக்கம் நம்மவரிடம் மட்டும் உள்ளதன்று போலும்!

இவருடைய பெண்ணிலைக் கருத்துக்கள் ஒரே நிலையில் நிற்கவில்லை. முதல் நாவலில் பெண்ணின் எதிர்ப்பு தனிமனித ஆவேசமாகவே வெளிப்படுகின்றது. கதாநாயகி காதலனைச் சுட்டுக்கொல்கிறாள். 1907 அளவில், ஒறேஜ் நடத்திய ‘நியூ ஏஜ்’ என்ற சோசலிச வார இதழில் எழுதத் தொடங்கியபோது நிலைமை மாறுகின்றது. திருமணம், மணவிலக்கு, பரத்தமை, பெண்ணின் பொருளாதாரச் சார்பு ஆகியன அங்கு சமூகப் பிரச்சினைகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 1910இல் வெளிவந்த, நவீன பெண்ணும் அவளது நோக்கங்களும் பற்றிய அவரது நூல் இக்கட்டத்தின் விளைவே. எலைசா லின் லின்ரன் என்ற மற்றொரு நாவலாசிரியை 1854இல் மேரி வொல்ஸ்ரன்கிறாஃப்ரைப் போற்றிவிட்டு, 1868இல் அக்காலப் பெண்களை ஏளனஞ்செய்து எழுதியதோடு இதனை ஒப்புநோக்கலாம். லின்ரன் எதிர்முகாமுக்குச் சென்றார். ஃபார் அவ்வாறு செல்லவில்லை. ஆயின் வேறொரு திசையிற் பெயர்ந்தார்.

1912இல், தமது 52ஆவது வயதில், அவர் இலங்கைக்குக் கப்பலேறினார். வேதாந்த நாட்டமே இதற்குக் காரணம் என்பர். 1890களிலேயே ‘கோல்டன் டோன்’ என்ற மறைஞானச் சங்கத்தில் முதன்மை பெற்றிருந்தவர் அவர், பொன். இராமநாதனையும் இலண்டனில் அறிந்திருந்தார். ஆயினும் ஆன்மிக நாட்டம் மட்டும் இப்பெயர்ச்சியை விளக்கப் போதுமானதன்று. சிறு பரம்பரை வருமானத்தில் வாழ்ந்த, மேடை வாய்ப்புக் குறைந்த மத்தியதர வர்க்கப் பெண்ணுக்கு அன்றைய இலண்டன் அளித்தது மிகச் சிலவே. பெண்ணின் பொருளாதாரச் சார்பை நன்கு கண்ட அவரது சிந்தனை, உழைக்கும் பெண்களின் கூட்டுப் போராட்டத்தோடு இணையாது தனிமனித விடுதலையையே மையமாகக் கொண்டிருந்தது. அத்தகைய விடுதலை அகநோக்கித் திரும்புதல் வியப்பன்று.

இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரி 1913இல் தொடங்கியது. ஃபார் அதன் அதிபரானார். உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் 1824இலேயே பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியிருந்தனர். அதற்கு மாற்றாகச் சைவச் சூழலில், உயர்நிலைக் குடும்பத்துப் பெண்களுக்கு ஆங்கிலக் கல்வி அளிப்பதே புதிய கல்லூரியின் நோக்கம். ஆங்கிலங் கற்று உத்தியோகம் பெற்ற ஆண்களுக்குத் தகுந்த இல்லத்தரசிகளை அவ்வர்க்கம் வேண்டி நின்றமையும் ஈண்டு மனங்கொளத்தக்கது. கல்லூரியின் நிறுவுநர் 1911இல் ‘கற்ற இலங்கையர்’ தொகுதியிலே தெரிவானவர். அன்றைய வாக்காளர் மூவாயிரத்துக்கும் குறைவு, அனைவரும் ஆண்கள். திருமணச் சட்டத்தை வினாவுக்குட்படுத்திய பேனா, இத்தகைய புரவலரின் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியது. அம்முரண்பாடு அவருடையது மட்டுமன்று. குடியேற்றக்காலப் பெண்கல்வி முழுவதிலும் இது காணப்படும்.

புற்றுநோய்க்கு ஆளான ஃபார் 1917 ஏப்ரல் 29இற் கொழும்பிற் காலமானார். பத்தாண்டு கழித்து டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை இராமநாதன் வன்மையாக எதிர்த்தார். அவ்வெதிர்ப்பையும் மீறி 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். இதற்கிடையில், 1920களில், யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ் மகள்’ இதழை நடத்தினார். பிரித்தானியக் கடற்படையின் நிழலிலிருந்த திருகோணமலையில் 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்கள் பாடசாலையொன்றை நிறுவினார். அதனைத் தொடங்க இலண்டனிலிருந்து எவரும் வரவேண்டியிருக்கவில்லை.