கை அசையாமல் கைக்குப் பயிற்சி

திண்டுக்கல் நாகல்நகரில் பூட்டுத் தொழில் செய்யும் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்து, அரத்தால் சாவியின் பல்லை ராவுவதாக மனத்துக்குள்ளேயே செய்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கை அசையவில்லை. ஆனாலும், நிஜமாக ராவும்போது மூளையில் வேலை செய்யும் பகுதிகளில் பல அப்போதும் வேலை செய்கின்றன.

இது எப்படித் தெரிந்தது? 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் ஒரு கருவியைக் காட்டினார்கள். தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால் விரல் தானாகத் துள்ளும். அறுவை எதுவும் தேவையில்லை. விரலை மடக்குவதாக மனத்தில் நினைக்கும்போது அதே துடிப்பைக் கொடுத்தால் துள்ளல் கூடுகிறது. 1995-இல் வெளிவந்த பாஸ்குவல்-லியோனேயின் ஆய்வில், ஐந்து நாள் மனத்துக்குள் மட்டும் பியானோ பழகியவர்களுக்கும் மூளையில் விரல்களுக்கான பகுதி விரிந்திருந்தது.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு இதில் என்ன இருக்கிறது? அந்த நோயில் டோபமின் சுரக்கும் மூளைச் செல்கள் அழிகின்றன. கை நடுங்கும், உடல் இறுகும், நடை தளரும். சிலருக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களைப் பிரான்சில் சோதித்தபோது, அந்தப் பக்கக் கையின் அசைவை நினைத்துப் பார்ப்பதும் மெதுவாகவே நடந்தது. கோளாறு கையில் இல்லை. அசைவுக்கு மூளை போடும் திட்டத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் மனப்பயிற்சியால் திட்டத்தைச் சீராக்கலாமா? முடிவுகள் இரண்டு விதமாக வந்துள்ளன. 2007-இல் இஸ்ரேலில் 23 பேரிடம் நடந்த ஆய்வில், உடற்பயிற்சியோடு மனப்பயிற்சியும் செய்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2011-இல் நெதர்லாந்தில் 47 பேரிடம் பார்த்தபோது, மனப்பயிற்சி செய்தவர்களுக்கும் உடலைத் தளர்த்தும் பயிற்சி செய்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மனப்பயிற்சியோடு காந்தத் துடிப்பையோ மெல்லிய மின்னோட்டத்தையோ சேர்த்தால் பலன் கூடுமா என்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

உறுதியாகப் பலன் தரும் மூளைத் தூண்டல் வேறு. 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் குழுவினர் தொடங்கிய முறை அது. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, மார்புத் தோலுக்கடியில் வைத்த பேட்டரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 130 துடிப்புகள் அனுப்புவார்கள். மாத்திரைக்கு நன்றாகக் கேட்டும், அதன் பலன் நாள் முழுக்க நிற்காதவர்களுக்கு இது உதவும். ஆனால் நோய் அழிவதில்லை.

மனப்பயிற்சியை வீட்டில் செய்ய விரும்பினால்: நாற்காலியிலிருந்து எழுவதையோ வாசற்படி தாண்டுவதையோ, யாரோ செய்வதை வேடிக்கை பார்ப்பதாக இல்லாமல், நீங்களே செய்வதாக நினையுங்கள், உடனே பிடிமானத்தோடு செய்தும் பாருங்கள். நினைப்பதோடு நிறுத்தினால் போதாது. மாத்திரையின் நேரமும் தவறக் கூடாது. தலைக்குள் உலோகக் கிளிப் வைத்தவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தத் தூண்டல் கருவியையும் தொட வேண்டாம்.

எல்லா நடுக்கமும் நடுக்குவாதம் ஆகாது. தைராய்டு கோளாறாலும் சில மருந்துகளாலும் கை நடுங்கும். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது தெரியும். டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்கினால் அது வேறு வகையாக இருக்கலாம். பயிற்சியைத் தொடங்கும் முன் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, எந்த நடுக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.