சூளையின் காற்றும் பாண்டத்தின் நிறமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பழையகாயல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சிறப்பித்து எழுதிய துறைமுகமாகும். ஹுர்முஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த மரக்கலங்கள் இங்கு நங்கூரமிட்டன. 19ஆம் நூற்றாண்டில் பிஷப் கால்டுவெல் இப்பகுதியில் சீன, அரபு நாட்டு மட்பாண்ட உடைசல்களைக் கண்டு குறித்துள்ளார். அத்தகைய துண்டொன்று நமக்குக் கிடைத்தால், சிவப்பெனில் உள்ளூர்ச் சரக்கு, பச்சையெனில் சீனச் சரக்கு என்று முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு பிழையாகிவிடலாம். நிறம் என்பது மண்ணின் குணம் மட்டுமன்று. சூளைக்குள் நெருப்புக்கு எவ்வளவு காற்றுக் கிடைத்தது என்பதன் பதிவும் ஆகும்.

களிமண்ணில் இரும்பு இயற்கையாகவே கலந்துள்ளது. காற்று தாராளமாகப் புகும் சூளையில் இரும்பு ஆக்ஸிஜனை நிறையப் பெற்றுச் சிவக்கிறது. காற்றுவழியைக் குறுக்கி விறகை மிகுதியாகத் திணித்தால் விறகு முழுமையாக எரியாது. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு, தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனை இரும்பிடமிருந்தே பறித்துக்கொள்கிறது. இரும்பு கருமையோ சாம்பல் நிறமோ பசுமையோ தருகிறது. முன்னதை ஆக்ஸிஜனேற்றம் என்றும் பின்னதை ஒடுக்கம் என்றும் வேதியியலார் கூறுவர்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ அகழ்ந்தார். அவ்வூர்க் கருப்பு-சிவப்புப் பாண்டங்கள் புகழ்பெற்றவை. உட்புறமும் விளிம்பும் கருமை, வெளிப்புறம் சிவப்பு. இங்கு இருவகை மண்ணும் இல்லை, இருவகைச் சாயமும் இல்லை. கலத்தைக் கவிழ்த்துச் சுட்டபோது உள்ளே காற்றின்றிக் கரி படிந்தது, வெளியே காற்றுப்பட்டுச் சிவந்தது என்பதே ஆய்வாளர் பலரும் தரும் விளக்கம்.

இனிப் பச்சைத் துண்டுக்கு வருவோம். சீனத்து லோங்சுவான் சூளைகளில் உருவான செலடான் பாண்டத்தின் பசுமை, அதன் கண்ணாடி போன்ற மேற்பூச்சிலுள்ள சிறிதளவு இரும்பினால் வந்தது. ஏறத்தாழ 1,250 பாகை செல்சியஸில், ஒடுக்கச் சூழலில் சுட்டால் பச்சை. காற்று மிகுந்தால் அதே பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். ஈராக், ஈரான் நாடுகளின் நீலப்பச்சைப் பாண்டமோ செம்பினால் நிறம் பெற்றது. அதற்குக் காற்று மிகுந்த நெருப்பே வேண்டும். ஒடுக்கத்தில் செம்பு சிவந்துவிடக்கூடும். ஆக, பார்வைக்கு நெருங்கிய இரண்டு பச்சைகள் நேர்மாறான இரண்டு நெருப்புகளில் பிறந்தவை.

அந்த நீலப்பச்சைக்குப் பூச்சில் சோடாவும் மிகுந்திருக்க வேண்டும். உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து அது கிடைத்தது. அச்சாம்பலின் அரபிப் பெயர் 'கிலீ'. 'அல்கலி' என்னும் அறிவியற்சொல் அதன் வழிவந்ததே. தூத்துக்குடி உப்பளக் கரைகளில் வளரும் உமரியும் அத்தகைய உவர்நிலச் செடியே. இக்காலக் குயவர் சிலர், சுமார் 1,280 பாகையில் எரியும் சூளைக்குள்ளேயே சோடாக் கரைசலைத் தெளிக்கின்றனர். ஆவியாகும் சோடியம் களிமண்ணின் சிலிக்காவுடன் கூடிக் கண்ணாடிப் படலமாகிறது. அங்கும் சோடா தருவது பளபளப்பை. நிறத்தைப் பெரிதும் முடிவு செய்பவை இரும்பும் காற்றுமே: தாராளக் காற்றில் செம்மஞ்சள், ஒடுக்கத்தில் சாம்பல் நிறமும் கரும்பழுப்பும்.

ஒடுக்கத்தை உயர்கலையாக்கியோருள் முஸ்லிம் குயவர்கள் முதன்மையானவர்கள். 9ஆம் நூற்றாண்டு அப்பாஸிய ஈராக்கில், வெண்பூச்சிட்டுச் சுட்ட கலத்தின்மீது வெள்ளி, செம்புச் சேர்மங்களால் வரைந்து, மறுமுறை மிதமான சூட்டில் புகையூட்டிப் பொன்னொளி வரச் செய்தனர். காஷான் நகரத்து அபுல் காஸிம் ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301) பாரசீகத்தில் எழுதிய நூலில் இம்முறையை விளக்கியுள்ளார்.

ஆதலால் ஓட்டுத் துண்டின் நிறத்தோடு நின்றுவிடாமல், உடைந்த ஓரத்தையும் நோக்குதல் வேண்டும். சாம்பல் நிறமான, நீர் உறிஞ்சாத கெட்டியான உடல் எனில் சீனச் சூளையையும், மஞ்சள் சாயலான மிருதுவான உடலின்மேல் தடித்த நீலப்பச்சைப் பூச்சு எனில் மேற்காசியச் சூளையையும் எண்ண இடமுண்டு. கிடைத்த இடத்தைக் குறித்து வைத்துத் தொல்லியல் துறையினருக்குத் தெரிவிப்பது நம் கடமை. அடித்தளம் தோண்டுகையில் குப்பையென எறியப்படும் ஓடு, நம் முன்னோரின் கப்பல்கள் எத்திசைக்குச் சென்று மீண்டன என்பதற்கு எஞ்சிய ஒரே சாட்சியாக இருக்கலாம்.